தெரசம்மாள் டீச்சரின் ஒரே பாவம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் தெரசம்மாள் டீச்சர்தான் முதல் ஆளாக முழந்தாளிட்டிருப்பார். வரிசையில் பின்னால் இருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. டீச்சருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு பாவம். அதையும் இருபத்து நான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருக்கிறார். தாராவிக் கோயிலுக்கு வந்துபோன நான்கு பங்குச் சாமியார்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள்; நால்வரும் மன்னித்திருக்கிறார்கள்; நால்வரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். பாவம் மட்டும் இந்தப் பங்கிலேயே நிரந்தரமாக இருக்கிறது.

கேட்ட பாவத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சாமியாருக்கு உள்ள சட்டம். டீச்சருக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஆகவே அது சந்து முழுவதற்கும் தெரியும். இட்லி மாவு வாங்கப் போன இடத்தில்கூட, மாவு அரைபடும் நேரத்துக்குள் சொல்லி முடித்திருக்கிறார்.

இரண்டாயிரமாம் வருடம், ஜூலை மாதம். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு. மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் டீச்சர். முப்பத்தைந்து பிள்ளைகள் 'மழை வானத்திலிருந்து பெய்கிறது' என்று சரியாக எழுதினார்கள். பை தைக்கிற முகம்மது ஹனீபின் மகள் ருக்சானா மட்டும் வேறு மாதிரி எழுதினாள்.

'மழை எங்கள் வீட்டுக்குக் கதவு தட்டாமல் வரும். வந்தால் முதலில் வாப்பாவின் செருப்பைத்தான் தூக்கிக்கொண்டு போகும். வாப்பா அதைத் துரத்திக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் மழைக்கு யாரிடமும் பயமில்லை, உம்மாவைத் தவிர. உம்மா துடைப்பத்தோடு வந்தால் அது சொல்லாமல் வாசல்படி இறங்கிவிடும்.'

'உம்மாவைத் தவிர' என்ற இடத்தில் டீச்சரின் புருவம் உயர்ந்தது. ஆசிரியர் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறிய தனக்கே வராத வாக்கியம் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்? நோட்டின் குறுக்கே சிவப்பு மையில் 'காப்பி' என்று எழுதினார். வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, "எந்தப் புக்குல இருந்து எடுத்த?" என்றும் கேட்டார். பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடினார். பள்ளி அலமாரியில் தேடினார், மாட்டுங்கா பழைய புத்தகக் கடைகளில் தேடினார். இல்லாத புத்தகத்தை எத்தனை கடையில் தேடினாலும் கிடைக்காது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஹனீபின் குடும்பம் மான்குர்டுப் பக்கம் சீத்தா கேம்புக்குக் குடிபோய்விட்டது.

இவ்வளவுதான் பாவம். இது ஒன்று போதும் என்று டீச்சர் நினைத்தாலும், மற்றவர்களுடைய பாவங்களிலும் பங்கு கேட்பது அவர் வழக்கம். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், "தப்பு எம்மேலதான், காலைக் கொண்டாந்து அங்கன வச்சிட்டேன்" என்பார். கணவர் லாசர் இருமினால் முந்தாநாள் ரசத்தில் மிளகு குறைத்ததற்கு வருத்தம் தெரிவிப்பார். ரயில் தாமதமானால், தான் சீக்கிரமே வந்து நின்றதுதான் காரணமோ என்று யோசிப்பார். பம்பாயில் எதற்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எழுதுகிறவர்கள் தாராவிக்கு வந்து விசாரிக்கவில்லை.

படித்த பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். செம்பூரில் வங்கி மேனேஜராக இருக்கும் ஷாலினி "எம் பிள்ளையாக்கும்." மாட்டுங்காவில் லிஃப்ட் மாட்டித்தரும் பேச்சிராஜா, ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதவன், அவனும் "எம் பிள்ளையாக்கும்." பெருமை வந்தால் அது முழுக்கப் பிள்ளைகளுடையது. எவனாவது கெட்டுப்போனால் மட்டும், "நான் சொல்லிக்குடுத்ததுல எங்கேயோ கோளாறு" என்று தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

லாசர் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். இரும்பைத் தவிர எதையும் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

"ஏட்டி, ஊர்ல ஒவ்வொருத்தனும் வாரத்துக்கு ஒண்ணு புதுசா செய்தான். நீ ஒரே பீஸை இருவத்திநாலு வருசமா கடைசல் புடிச்சிக்கிட்டிருக்க. இன்னுமா பாலிஷ் ஆவல?"

"ஒங்களுக்கென்ன, பாவம்னா பழகிட்டு."

"மன்னிச்சாச்சுன்னு சாமியார் சொல்லுதாருல்லா? அவரு பேச்சையும் நம்ப மாட்ட. நீ கிறிஸ்தவச்சி தானா?"

இந்தக் கேள்வி புதிதாக வந்திருக்கும் பாதர் சுஜினுக்கும் இருந்திருக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், முப்பத்தோரு வயது, மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறவர். தொட்டிக்குள் நடந்ததை டீச்சரே வெளியிட்ட அறிக்கையின்படி, உரையாடல் இப்படித்தான் போகும்:

"அம்மா, இது மன்னிச்சாச்சு. நான் மட்டுமே ஏழு தடவ மன்னிச்சாச்சு."

"இருந்தாலும், பாதர்..."

"இருந்தாலும்? பொறவு என்ன?"

"ஒண்ணுமில்ல, பாதர்."

அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லோடு டீச்சர் எழுந்து வந்துவிடுவார். அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மன்னிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதே அவர்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் பின்கட்டில் மறைக்கல்வி வகுப்பு. முதல்முறையாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கப்போகும் பதினோரு பிள்ளைகள். எல்லாரும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. தமிழ்ச் செபங்களை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். முதலில் டீச்சர் பதறினார். பிறகு டேனி என்ற பையனிடமே உட்கார்ந்து இந்தி எழுத்தில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது கரும்பலகையில் அவர் எழுதும் 'அருள் நிறைந்த மரியே'யைத் தமிழ் தெரிந்தவர்கள் படிக்க முடியாது, இந்தி தெரிந்தவர்களுக்கு விளங்காது. பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள்.

மன்னிப்பு வழங்குவதில் டீச்சர் வள்ளல். "மன்னிச்ச பாவம் போன வண்டி மாதிரி, பிள்ளைங்களா. சயான் ஸ்டேஷனைத் தாண்டிப் போன கல்யாண் லோக்கலைக் கை காட்டிக் கூப்புடுவியளா?"

ஷைனி கையைத் தூக்கினாள். பத்து வயது. அப்பாவுக்குத் திசையன்விளை, ஷைனிக்கு அது மே மாதத்தில் மட்டும் இருக்கிற ஊர். "கல்யாண் லோக்கல் வாபஸ் வரும், டீச்சர். டெய்லி வருது."

"சரி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்னு வச்சிக்க."

"அதுவும் வரும், டீச்சர். லீவு முடிஞ்சு நாங்க அதுலதானே வந்தோம்."

அந்த ஞாயிறு டீச்சர் வீட்டுக்கு வந்து லாசரிடம் பெருமையாகச் சொன்னார்: "இன்னைக்கு ஒரு பிள்ளை என்னைய மடக்கிட்டு." மடக்கப்பட்ட விஷயம் எது என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

போன வருடம் ஒரு விபத்து நடந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற பிள்ளைகள் என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்தார்கள். டீச்சர் மாதிரிக்கு ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். அவசரத்தில் தனக்குத் தெரிந்த பாவங்களாக எழுதிவிட்டார். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்தார்கள். கோயில் வரிசையில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பத்து வயதுப் பையன்கள் ஒன்பது பேர், "சமையல் ருசியில்லை என்று சொன்ன கணவர்மேல் எரிந்து விழுந்தேன்" என்று பக்தியோடு முணுமுணுத்ததை வந்திருந்த பெற்றோர்கள் எல்லாரும் கேட்டார்கள். தொட்டிக்குள் சாமியார் என்ன நினைத்தார் என்பது ரகசியம். தொட்டியின் மரப்பலகை கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது என்பது ரகசியமல்ல.

எனவே இந்த வருடம் பட்டியல் ஒழிந்து ஒத்திகை வந்தது. ஒரு பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் சாமியாராக உட்கார வேண்டும். மற்றது முழந்தாளிட வேண்டும். "கற்பனைப் பாவம் மட்டுந்தான் சொல்லணும். நெஜப் பாவத்தைப் பாதருக்கு வச்சிருங்க" என்பது விதி.

டேனி முழந்தாளிட்டான். "பக்கத்து வீட்டு ஏ.சி.யைத் திருடிட்டேன், சாமி."

கழுத்தில் துப்பட்டாவைச் சாமியார் மாதிரி போட்டிருந்த ஷைனி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: "திருப்பிக் குடுத்தியா?"

"இல்ல, சாமி. மாட்டிட்டேன். கூலிங் நல்லா இருக்கு."

"மொதல்ல கழட்டு. குடுத்துட்டு வா. அப்புறம் மன்னிப்பு."

டீச்சர் கைதட்டினார். அங்கேதான் வினை வந்தது. "டீச்சர், உங்க நம்பர்" என்றாள் ஷைனி. பதினோரு பிள்ளைகளும் கூவினார்கள். டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார்.

கற்பனையாக ஒரு பாவம் சொல்ல வேண்டும். டீச்சர் யோசித்தார். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பொய் பாவம். அதுவும் கோயில் வளாகத்துக்குள், பிள்ளைகளுக்கு முன்னால். இரண்டாவதாக ஒரு பாவத்தைச் சேர்க்க அவருக்குத் தெம்பில்லை. பழையதையே எடுத்தார். ருக்சானா, மழை, சிவப்பு மை. ஒரு நிமிடத்தில் முடித்தார்.

"எத்தனை தடவ சொல்லிருக்கீங்க?" என்றாள் சாமியார்.

"மாசா மாசம்."

"பாதர் மன்னிச்சாரா, இல்லையா?"

"மன்னிச்சாரு. இருந்தாலும்..."

"இருந்தாலும் க்யா, டீச்சர்?"

பெரியவர்கள் யாரும் அந்த இடத்தில் இவ்வளவு விடாப்பிடியாக நின்றதில்லை. டீச்சர் தரையைப் பார்த்தார். பிறகு, நான்கு சாமியார்களுக்கும் பாதர் சுஜினுக்கும் சொல்லாததைச் சொன்னார்.

நோட்டில் சிவப்பு மை விழுந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு பெருமழை. பள்ளி விட்டு டீச்சர் அந்தச் சந்து வழியாக வருகிறார். முழங்கால் தண்ணீர். எதிரே ஒரு ஜோடிச் செருப்பு மிதந்து வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு ஹனீப் வருகிறார். வாசலில் அவர் மனைவி ஆபிதா துடைப்பத்தோடு நின்று மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுரை வரி வரியாகக் கண்முன்னால் நடக்கிறது. வாசலில் ருக்சானாவும் நிற்கிறாள். டீச்சர் குடையை முகத்துக்குத் தாழ்த்திக்கொண்டு நடந்து போய்விட்டார். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"தெரியாம செஞ்சது காப்பின்னு போட்டது. தெரிஞ்சே செஞ்சது இது" என்றார் டீச்சர்.

ஷைனி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "சாமி மன்னிச்சிட்டாரு, டீச்சர். அது ஹோ கயா, முடிஞ்சிட்டு. ஆனா நீங்க ரிட்டன் டிக்கெட் எடுத்து வச்சிருக்கீங்க, அதான் வண்டி திரும்பித் திரும்பி வருது. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. அப்புறம் அந்த ருக்சானா தீதிகிட்ட போயி சொல்லுங்க. அவங்கள்ட்ட சொன்னீங்களா, கி நஹி?"

சொல்லவில்லை. ஐந்து சாமியார்களிடமும் மாவுக் கடையிலும் சொன்னவர், ருக்சானாவிடம் சொல்லவில்லை. டேனியிடம் ஏ.சி.யைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதற்குக் கைதட்டியவரும் இவர்தான்.

அடுத்த ஞாயிறு மதியம் டீச்சர் சீத்தா கேம்புக்குக் கிளம்பினார். லாசரும் செருப்பை மாட்டினார். "இருவத்திநாலு வருசமா ஒம் பாவத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இன்னைக்கு நேர்ல பாத்துருதேன்." வண்டி மான்குர்டை நெருங்கும்போது டீச்சர், 'கதவைச் சாத்திவிட்டால்?' என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "தட்டுவோம்" என்றார் லாசர்.

தேட வேண்டியிருக்கவில்லை. பை தைக்கிற ஹனீப் வீடு என்று கேட்டதும், "டியூஷன் மிஸ் வீடா?" என்று கை காட்டினார்கள். ஒற்றை அறை. பாயில் பத்தொன்பது பிள்ளைகள். வாரம் முழுக்க இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுதச் சொல்லித் தருகிறார் ருக்சானா. முப்பத்து நான்கு வயது, மூக்குக் கண்ணாடி. வாசலில் நின்றவரை ஒரு கணம் பார்த்தார்.

"தெரசம்மாள் டீச்சர்தானே? உள்ள வாங்க. ஏ, நாற்காலியில இருந்து பேக்கை எடுங்க."

டீச்சர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். காப்பி என்று போட்டது தப்பு, அது நீயே எழுதியது, என்னை மன்னித்துவிடு. ருக்சானா சிரித்தார்.

"அழுதேன், டீச்சர். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாப்பா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஏளா, டீச்சருக்கே இது புக்குல உள்ளதுன்னு தோணியிருக்குன்னா, அது எப்பேர்ப்பட்ட எழுத்து!' நோட்டை வீடு வீடா கொண்டுபோய்க் காட்டினாங்க. செகப்பு மையைத்தான் மொதல்ல காட்டுவாங்க."

பாயிலிருந்து ஒரு பையன், ராஹில் என்று பெயர், நோட்டை நீட்டினான். "மிஸ், இன்னைக்காவது எனக்குக் காப்பி போடுவீங்களா?"

"எங்க கிளாஸ்ல வெரிகுட் கெடையாது, டீச்சர். ரொம்ப நல்லா எழுதினா, செகப்புல காப்பின்னு போடுவேன். இந்த வருசம் மூணு பேருதான் வாங்கியிருக்காங்க. சும்மா குடுத்துர மாட்டேன்."

லாசர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். "மெடலைக் குடுத்துட்டுத்தானா இத்தனை வருசமா மன்னிப்பு கேட்டுக்கிட்டிருந்தா?" என்று சுவரிடம் கேட்டார்.

தேநீர் வந்தது. விவகாரம் சுகமாக முடிந்துவிட்டது. 'எம் பிள்ளையாக்கும்' என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வரலாம். லாசர் கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினார். டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருந்தாலும், ருக்சானா..."

குடையைப் பற்றிச் சொன்னார். ருக்சானாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்தார்.

"பாத்தேன், டீச்சர். பச்சைக் கொடை. நீங்க எங்களைப் பாத்ததையும் பாத்தேன். உம்மாட்ட ஓடிப்போயி, 'டீச்சர் கண்ணால பாத்துட்டாங்க, இனிமே நம்புவாங்க'ன்னு சொன்னேன். மறுநாள் காலைல மொத பெஞ்சுல போயி உக்காந்துட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு. நீங்க வாய்ப்பாடு நடத்தினீங்க."

"ஏழாம் வாய்ப்பாடு" என்றார் டீச்சர்.

ராஹில் நோட்டை மெதுவாக மடக்கினான்.

"கோவம் ஒரு வருசம் இருந்துச்சு. பொறவு வேற வேலை வந்துட்டு, விட்டுட்டேன். நான் விட்டதை நீங்க எதுக்கு டீச்சர் தூக்கிட்டே திரியுதீங்க?" ருக்சானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அன்னைக்குச் சொன்னது கிளாஸ் முழுக்கக் கேட்டுச்சு. இன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

டீச்சர் உடனே எழுந்து தொண்டையைக் கனைத்தார். முப்பது வருட வழக்கம்.

"அப்படியில்ல, டீச்சர்" என்றார் ருக்சானா. உதட்டோரம் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "எங்க கிளாஸ்ல பேசணும்னா உக்காந்து, மொதல்ல கை தூக்கணும். நான் கூப்பிடுத வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது."

ருக்சானா திரும்பிக் கரும்பலகையில் பாதியில் விட்ட வரியை எழுத ஆரம்பித்தார். தெரசம்மாள் டீச்சர் நாற்காலியை விட்டு நகர்ந்து, முட்டி மளுக்கென்று சத்தம் போட, பாயின் கடைசி வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்துச் சிறுமி கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். ருக்சானா எழுதி முடித்துத் திரும்பியபோது, பத்தொன்பது ஜோடிச் சின்னக் கைகளும் மடியில் கிடக்க, வளையல்கள் முழங்கை வரை சரிந்து இறங்க, ஒரு கை மட்டும் நேராக மேலே நின்றது.